சீமாட்டியின் கம்மல்

அரசாங்கம் மாடுகளுக்குக் கம்மல் போட்டுவிட்ட வருஷம் கொற்றித்திடலில் சிரிக்காத ஆள் இல்லை. "என் காதே மூளியாக் கெடக்குது, எருமைக்குக் கம்மலாம்!" என்று அமிர்தமும் சிரித்தாள். அவள் புருஷன் உத்திராபதி மட்டும் சிரிக்கவில்லை. தன் எருமை சீமாட்டியின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஊசி இறங்கும்போது அதன் கண்ணைத் துண்டால் மூடினான். "ஆச்சு, தோ ஆச்சுடி" என்று அவன் கொஞ்சியதைப் பார்த்துவிட்டு, "எனக்கு இடுப்பு வலி எடுத்தப்ப இந்த மனுசன் வாசல்ல நின்னு வெத்தல போட்டுக்கிட்டு இருந்தாரு" என்று அமிர்தம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

கம்மல் என்பது ஊர் வைத்த பேர். புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பாக ஒரு சாமான். காதோடு ஒட்டிக் கிடந்து மாட்டின் நாடித்துடிப்பையும் உடம்புச் சூட்டையும் பார்த்து வானத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சும்மா நாளில் அதனால் உபகாரமும் இல்லை, உபத்திரவமும் இல்லை. புயல், வெள்ளம் என்று அரசாங்கம் அறிவிக்கிற நாட்களில்தான் அதற்கு வேலை. அப்போது ஒரு மாட்டின் துடிப்பு நின்றால், நின்ற கையோடு சொந்தக்காரர் போனுக்கு நிவாரணம் வந்துவிடும். மனு வேண்டாம், கையெழுத்து வேண்டாம், யார் காலிலும் விழ வேண்டாம். போன புயலில், அதிகாரி வந்து போட்டோ எடுக்கிற வரைக்கும் செத்த மாட்டைப் புதைக்காமல் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு காவல் காத்த ஊர் அது. அதனால் சிரித்தவர்களும் மாட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றார்கள்.

செத்தால் காசு, சாகக் கிடந்தால் ஒன்றும் இல்லை என்பதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

அடைமழையில் சீமாட்டியின் காது புண்ணாகிப் புழு வைத்துவிட்டது. கம்மலைக் கழற்றினால் நிவாரணம் போகும், வழக்கும் வரும் என்று ஒவ்வொரு கொட்டகையிலும் தகரத்தில் எழுதி அடித்திருந்தார்கள். அதைக் கழற்றி மாட்டுகிற ஆள் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. சீமாட்டி தலையை உதறி, காதைத் தென்னையில் தேய்த்துத் தேய்த்து ரத்தமாக்கிக்கொண்டது. உத்திராபதிக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் கம்மலைக் கழற்றிவிட்டான். கழற்றின சாமான் குளிர்ந்துபோனால் மேலே தெரிந்துவிடுமே என்று, அந்த நிமிஷமே அதைத் தன் அரைஞாண் கயிற்றில் தாயத்துக்குப் பக்கத்தில் கோத்து, அடிவயிற்றோடு ஒட்டிக் கிடக்கிற மாதிரி இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"கண்டுபுடிச்சுட மாட்டாங்க?" என்றாள் அமிர்தம்.

"எப்புடிக் கண்டுபுடிப்பான்? நாடி துடிக்குது, சூடு இருக்குது. அவனுக்கு வேற என்ன வேணும்?"

"எருமைக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் தெரியாதா அதுக்கு?"

"மேலேர்ந்து பாக்குறான் புள்ள. அங்கேர்ந்து பாத்தா எல்லாம் ஒண்ணுதான்."

"நான் கிட்டேர்ந்து பாத்தே அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன், கலியாணம் ஆன நாள்லேர்ந்து."

புண் ஆறியது. ஆறிய காதில் மறுபடி ஊசி குத்த உத்திராபதிக்கு மனசு வரவில்லை. கன்று ஈனட்டும், பார்ப்போம் என்றான். ஈன்றதும், கன்று கொஞ்சம் துள்ளித் திரியட்டும், பிறகு பார்ப்போம் என்றான். அதற்குள் புயல் வந்துவிட்டது.

புயல் என்றால் அந்தப் பக்கத்தில் முதலில் செய்கிற வேலை மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிடுவதுதான். கட்டிக் கிடக்கிற மாடு முழுகிச் சாகும். அவிழ்ந்த மாடு நீந்திப் பிழைக்கும். ஊரே அவிழ்த்துவிட்டுப் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போனபோது உத்திராபதி மட்டும் அவிழ்க்கவில்லை. காற்றில் தாய் ஒரு பக்கம் கன்று ஒரு பக்கம் ஓடிவிடும் என்று ரெண்டையும் கொட்டகையிலேயே கட்டிப்போட்டு வந்தான். கடல் உள்ளே வருகிறது என்று மையத்தில் யாரோ சொன்னதும் எழுந்தான்.

"எங்க போறீங்க?"

"தோ, அவுத்து வுட்டுட்டு வந்துடுறேன்."

அவ்வளவுதான் சொன்னான். அமிர்தம் துண்டைப் பிடித்து இழுத்தாள். துண்டு அவள் கையோடு வந்தது, ஆள் போய்விட்டான்.

காற்று அடங்கி விடிந்தபோது மையத்தில் போன்கள் பேச ஆரம்பித்தன. மின்சாரம் போனாலும் போன் நிற்கக் கூடாது என்று வானத்தில் பலூன் ஒன்றைக் கட்டிவிட்டிருந்தார்கள். முதலில் ஒரு போன். பிறகு மூலைக்கு மூலை. எல்லாவற்றிலும் ஒரே பெண் குரல், ஒரே பதம்: "உங்கள் கால்நடையின் மறைவுக்கு அரசு வருந்துகிறது. நிவாரணத் தொகை உங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டது." போன் பேசப் பேச அந்தந்த வீட்டுக்காரி மாட்டின் பேரைச் சொல்லி அழுதாள்.

அமிர்தத்தின் போன் பேசவில்லை.

"ஒனக்கென்னடி, சீமாட்டி தப்பிச்சுட்டா" என்று பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். துடிப்பது சீமாட்டி இல்லை என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். போன் பேசாத வரைக்கும் அவள் புருஷன் உயிரோடு இருக்கிறான். அந்தப் போனை முந்தானையில் சுற்றி, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். திருப்பூரில் வாழ்க்கைப்பட்ட மகள் கூப்பிட்டபோது மணிச்சத்தத்திலேயே அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இனிமே கூப்புடாதடி. நானே கூப்புடுறேன், ஒனக்குப் புண்ணியமாப் போவும்" என்று வைத்தாள்.

உத்திராபதியைத் தேடிப் போன மீட்புப் படகுகள் அவர்கள் வீடு இருந்த வடக்குப் பக்கமே சுற்றிவிட்டு வெறும் படகாகத் திரும்பின.

தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் அமிர்தம் தன் தெருவுக்கு நடந்தாள். அங்கே பக்கிரி உட்கார்ந்திருந்தான். உத்திராபதிக்குச் சித்தப்பா மகன், அடுத்த வீடு. அவனுக்கு முன்னால் அவன் பசு இடுப்பு ஒடிந்து கிடந்தது. மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கிரி அதன் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் வாளி பசுவுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

அமிர்தம் வாளியை எடுத்துப் பசுவின் வாயருகே வைத்தாள்.

"குடுக்காதீங்க அண்ணி."

"ஏந்தம்பி?"

அவன் போனைத் துண்டால் துடைத்தான். பிறகு, "இது பாலுலதான் ரெண்டு புள்ளைங்களும் வளந்துச்சு. எனக்கு மட்டும் ஆசையா? இனிமே இது எந்திரிக்காது. இப்புடியே கெடந்தா வைத்தியத்துக்குச் சல்லிக்காசு தர மாட்டான். செத்தா ஒரு கன்னுக்குட்டியாவது வாங்குவேன். நீங்களே சொல்லுங்க" என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அமிர்தத்துக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. ஒரே மாதிரிப் போன். அவன் அது பேசாதா என்று உட்கார்ந்திருக்கிறான். அவள் பேசிவிடக் கூடாதே என்று நடந்துகொண்டிருக்கிறாள். பசு தானாகவே தலையை நீட்டி, சொர் சொர்ரென்று குடித்தது. பக்கிரி தடுக்கவில்லை.

கொட்டகை இருந்த இடத்துக்கு அந்தப் பக்கம், சாய்ந்த தென்னைகளுக்கு நடுவில் சீமாட்டி செத்துக் கிடந்தது. கழுத்தில் கயிறு இல்லை. அவிழ்த்துவிட்டிருக்கிறான். அமிர்தம் அதன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஒன்ன அவுத்துவுட்டவரு எங்கடி?" என்றாள்.

சாயங்காலத்துக்குள் கால்நடை மருத்துவர் வந்தாள். நாகூர்க்காரப் பெண், பேர் ஜுலேகா. முழங்கால்வரை சேறு, கையில் பலகை மாதிரி ஒரு கருவி. தெருவே அவளைச் சுற்றிக் கூடியது. பக்கிரிதான் முன்னால் வந்து, "டாக்டரம்மா, எங்க அண்ணனக் காணும், எருமையும் செத்துக் கெடக்கு, அண்ணிக்கு இன்னும் காசு வரல. கம்மல் கெட்டுப்போச்சு போல. பாத்து முடிச்சு வுடுங்க" என்றான்.

ஜுலேகா சீமாட்டியைப் பார்த்தாள், கருவியைப் பார்த்தாள், மறுபடி சீமாட்டியைப் பார்த்தாள்.

"ஒங்க எருமை உசுரோட இருக்குன்னு காட்டுதும்மா இதுல. அதுவும் இங்க இல்லயாம். தெக்க, அலையாத்திக் காட்டுப் பக்கம் உப்பளத்துல நிக்குதாம். என்ன கூத்து பாருங்க. பரவால்ல, நான் கையாலயே முடிச்சுவைக்கிறேன். ஒரு போட்டோ எடுத்து அமுக்குனா கம்மல் கணக்கு மூடிடும், காசு வந்துடும்."

அவள் விரலை நீட்டினாள். அமிர்தம் பாய்ந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அமுக்காத! அமுக்காத பாப்பா! எங்க நிக்குதுன்னு சொன்ன?"

"உப்பளத்துல…"

"அது எருமையில்ல. அது அவரு."

பக்கிரி அவள் காதருகே குனிந்து, "அண்ணி, என்ன பேசுறீங்க? சொல்லாதீங்க. நிவாரணமும் போயிடும், கேசும் ஆயிடும்" என்றான்.

"போவட்டும். ஜெயில்ல போடட்டும், ரெண்டு பேரையும் சேத்துப் போடட்டும்." அமிர்தம் ஜுலேகாவின் கையை விடவில்லை. "காதுல புழு வச்சிருந்துச்சும்மா. அத அவரு கழட்டி அரைஞாணுல கட்டிக்கிட்டாரு. அதுல துடிக்கிறது எம்புருசன்."

ஜுலேகா, "யா அல்லா" என்றாள். கருவியை இன்னொரு தரம் உற்றுப் பார்த்தாள். "எருமைக்கும் மனுசனுக்கும் நாடி கிட்டத்தட்ட ஒண்ணுதாம்மா. சூடும் அப்படித்தான். ஒரு கோழி கால்ல கட்டியிருந்தா அன்னைக்கே மாட்டியிருப்பாரு." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா ரொம்ப மெதுவா துடிக்குது. உடம்பு குளிர்ந்துக்கிட்டு வருது. சீக்கிரம் போகணும்" என்றாள்.

கேசு ஆகிவிடும் என்று சொன்ன பக்கிரிதான் முதலில் ஓடினான். எங்கிருந்தோ ஒரு வத்தையைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு வந்தான். கழி ஊன்றித் தள்ளுகிற சின்னப் படகு. அமிர்தம் ஏறினாள். ஜுலேகா முன்னால் உட்கார்ந்து கருவியைப் பார்த்து வழி சொன்னாள்.

வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் ஒரே தண்ணீர். பக்கிரி மூச்சு வாங்கக் கழி ஊன்றினான். பேசாமல் இருக்க முடியாமல், "நாள் பூராவும் வெத்தலய அசை போட்டுக்கிட்டு இருந்தா எருமைன்னுதான் நெனைக்கும்" என்றான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவன் கண்ணிலிருந்தே தண்ணீர் இறங்கியது.

"துடிக்குதா?" என்று அமிர்தம் கேட்டாள்.

"துடிக்குதும்மா."

இன்னும் கொஞ்ச தூரம் போய், "துடிக்குதா?"

"துடிக்குது. அந்தா தெரியுது பாருங்க, பம்புசெட்டுக் கொட்டகை. அங்கதான்."

தூரத்தில் தண்ணீருக்கு மேலே அதன் மொட்டைத்தளம் தெரிந்தது. அப்போது அமிர்தத்தின் மடியில் போன் பேசியது.

"உங்கள் கால்நடையின் மறைவுக்கு அரசு வருந்துகிறது. நிவாரணத் தொகை…"

பக்கிரியின் கையில் கழி நின்றது. ஜுலேகா கருவியைத் தட்டினாள், குலுக்கினாள். அதில் எதுவும் அசையவில்லை.

அமிர்தம் அழவில்லை. போனைத் தண்ணீரில் எறிய ஓங்கியவள், என்ன நினைத்தாளோ, கையை இறக்கினாள். "தள்ளு தம்பி" என்றாள். "இங்கன வரைக்கும் வந்துட்டு அவரத் தனியா வுட்டுட்டா போவ முடியும்? தள்ளு."

வத்தை கொட்டகையின் சுவரில் இடித்தது. அமிர்தம் தளத்தின் விளிம்பைப் பிடித்து எக்கினாள். அங்கே உத்திராபதி சுருண்டு படுத்திருந்தான். அவன் மேல் பாதி ஏறி, கழுத்தில் தலையை வைத்துக்கொண்டு சீமாட்டியின் கன்று படுத்திருந்தது. கன்று இவளைப் பார்த்து ஈனக்குரலில் கத்தியது.

கன்றின் சத்தத்தில் உத்திராபதி கண்ணைத் திறந்தான்.

உதடு வெளுத்து, பல் கிட்டிப் போயிருந்தது. அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "காசு… வந்துச்சா?" என்றான்.

அமிர்தம் அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அப்புறம் அந்தக் கன்னத்திலேயே தன் முகத்தை வைத்துக்கொண்டு, ஊரில் ஒருத்தியும் அழாத அழுகை அழுதாள்.

ஜுலேகா போர்வையைப் போட்டுச் சுற்றி, கைகாலைச் சூடுபறக்கத் தேய்த்து, இனிப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்த பிறகு அவனுக்குப் பேச்சு வந்தது.

"சீமாட்டி என் கண்ணெதிர முழுகுனா புள்ள. கன்னு மட்டும் கையில சிக்குச்சு. தண்ணி இம்மாந்தூரம் அடிச்சாந்துடுச்சு, இந்தத் தளத்தப் புடிச்சு ஏறிக்கிட்டோம். காலு வேற பெரண்டு போச்சு, எறங்க முடியல. படுத்துக் கெடந்தப்பதான் நெனப்பு வந்துச்சு. அவ போயிட்டா, இது இன்னும் என் வயித்துல பொய்யா துடிச்சுக்கிட்டு கெடக்குது. இது துடிச்சா ஒனக்குக் காசு வராது. வீடும் இல்ல, மாடும் இல்ல, நானும் இங்க கெடக்குறேன். நீ கஞ்சிக்கு என்ன செய்வ? வெரலு வெறச்சுப்போயி முடிச்சு அவுரல. பாக்குவெட்டியால அறுத்துப் போட்டேன்."

அறுந்த கயிறும் தாயத்தும் கம்மலும் தளத்தின் ஓரத்தில் ஈரத்தில் கிடந்தன.

"அறுத்தியா?" அமிர்தம் எழுந்து உட்கார்ந்தாள். கலியாணம் ஆன நாளிலிருந்து அவனை ஒருமையில் பேசியதில்லை என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. "பாடையில ஏத்துறப்ப அறுக்குற கயித்த உசுரோட இருக்குறவன் அறுப்பானாய்யா? நீ துடிக்கிறத வச்சுத்தான்யா நான் மூச்சு வுட்டுக்கிட்டு இருந்தேன்! காசு வந்தா நீ இல்லன்னுதான்யா எனக்குக் கணக்கு!"

உத்திராபதி திருதிருவென்று முழித்தான். அவன் அந்தப் பக்கத்தை நினைத்தே பார்க்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நீ கஞ்சிக்குக் கஷ்டப்படுவியேன்னு…" என்றான்.

பக்கிரி தண்ணீரில் நின்றபடியே தலையில் அடித்துக்கொண்டு, "அந்த மிசினு ஒண்ணும் தப்பாச் சொல்லல அண்ணி. எருமைதான் இது" என்றான். இந்தத் தடவை அமிர்தத்துக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

திரும்பி வரும்போது அமிர்தமே பேச்சை எடுத்தாள். "பாப்பா, ஒன் வேலைக்குக் கேடு வர வேணாம். நடந்தத நடந்தபடி எழுதிக்க. அந்தக் காசயும் திருப்பி எடுத்துக்கச் சொல்லு. அது என் வீட்டுக்கு வேணாம். இவரு செத்துட்டாருன்னு வந்த காசு அது."

ஜுலேகா கருவியை அப்படியும் இப்படியும் தடவிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எழுதலாம்னுதாம்மா பாக்குறேன். எழுத எடமே இல்ல. உசுரோட இருக்கு, செத்துப்போச்சு, ரெண்டுதான் இதுல இருக்குது. ஒரு தடவ செத்ததுன்னு போயிட்டா மூடிக்குது. திருப்பி வாங்கவும் இதுக்குத் தெரியல." கருவியை மடியில் கவிழ்த்து வைத்தாள். "எருமை செத்தது நெசம். காசு வந்தது நெசம். நடுவுல நடந்தது எதுவும் இதுக்கு வேண்டாமாம். கம்மல மட்டும் எங்கிட்ட குடுங்க, உடைஞ்சு போச்சுன்னு வச்சுக்குறேன்."

அந்தக் காசைத் தனக்கென்று தொட அமிர்தத்துக்கு மனசு வரவில்லை. வந்ததில் கன்றுக்குப் பால் வாங்கினாள். மிச்சத்தைக் கொண்டுபோய்ப் பக்கிரியின் கையில் திணித்து, பசுவின் இடுப்புக்குக் கட்டுப் போடச் சொன்னாள். "எந்திரிக்காட்டி உக்காந்தே தின்னட்டும். நீ அந்தப் போனப் பாக்காம அது மொகத்தப் பாரு" என்றாள். பசு நேராக நிற்கவே இல்லை. ஆனால் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கப் பழகி, பக்கிரியைக் கண்டால் கத்துகிற அளவுக்குத் தேறியது. வாளி அதற்குப் பிறகு எட்டுகிற தூரத்திலேயே இருந்தது.

கன்றுக்குக் கம்மல் போட ஜுலேகா வந்த அன்று உத்திராபதி வழக்கம்போல அதன் கண்ணைத் துண்டால் மூடினான். புதுக் கம்மல் பழசைவிடச் சின்னது, புண்ணாகாது என்றாள் அவள்.

"அப்ப இன்னொண்ணு இருந்தா இவருக்கும் போட்டுவிடு பாப்பா" என்றாள் அமிர்தம். "காசு வர்றத மட்டும் நிப்பாட்டிடு. துடிக்கிறது தெரிஞ்சாப் போதும்."

ஜுலேகா சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அமிர்தம் சிரிக்கவில்லை. புதுக் கறுப்புக் கயிறு வாங்கிவந்து, பழைய தாயத்தைக் கோத்து, தன் கையாலேயே அவன் இடுப்பில் கட்டினாள். அவிழ்க்க முடியாதபடி முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டாள். பாக்குவெட்டியை எடுத்து உறியில் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அவன் பாக்கைக் கடித்துத்தான் தின்ன வேண்டியிருந்தது.

மாசி வெயிலில் உப்பளத்தில் வேலை தொடங்கியது, உத்திராபதியும் அங்கே வேலைக்குப் போனான். ஒரு மத்தியானம் அமிர்தம் கன்றைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. செம்பு கையிலிருந்து விழுந்தது. ஈரக் கையோடு போனை எடுத்துக் காதில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏ புள்ள, இன்னைக்கு என்ன கொழம்பு?"

"ஏங்க, இதக் கேக்கத்தான் கூப்புட்டீங்களா? ஈரக்கொல நடுங்கிப் போச்சு எனக்கு!"

"ஏன், நான் என்ன செஞ்சேன்?" என்றான் அவன், நிஜமாகவே ஒன்றும் புரியாமல்.

"ஒண்ணுமில்ல. மீன் கொழம்பு."

"சரி, வச்சுடவா?"

"வைக்காதீங்க."

"ஏன்?"

"சும்மா இருங்க. பேச வேணாம்."

அவன் பேசவில்லை. அந்தப் பக்கத்தில் காற்று இரைந்தது. காற்றுக்கு நடுவில் அவன் பாக்கைக் கடித்து, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு ஒதுக்கி, நிதானமாக மென்றுகொண்டிருந்த சத்தம் கேட்டது. அமிர்தம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கன்றின் முதுகில் கையை வைத்தபடி, அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.